துருவத்து மேகமும் திருச்சி வானமும்

திருச்சிராப்பள்ளியில் இருந்துகொண்டு துருவப் பிரதேசத்து மேகங்களைப் பற்றிப் பேச முற்படுவது சிலருக்கு வேடிக்கையாகத் தோன்றலாம். சித்திரை வெயிலில் காவிரி மணல் காலைச் சுடுகிற ஊர் இது. உறைபனியை நாம் படங்களில் பார்த்திருக்கிறோமே அன்றி, அதன்மீது நடந்து பார்த்தவர்கள் நம்மில் மிகச் சிலரே. ஆயினும், துருவத்துக்கும் நமக்கும் பொதுவான பொருள் ஒன்று உண்டு. அதுதான் மேகம். அண்டார்டிகாவின் பனிப்பாளத்துக்கு மேலே மங்கலாகப் படர்ந்திருப்பதும், ஐப்பசி மாதத்தில் ஸ்ரீரங்கத்துக் கோபுரத்துக்கு மேலே கருத்துத் திரண்டு நிற்பதும், நீர்த்துளியாலோ பனித்துகளாலோ ஆன மேகமே.

இன்று நான் விளக்க விரும்புவது ஒரு கேள்விக்கு உரிய விடையை. செயற்கைக் கோள்கள் பல, இரவென்றும் பகலென்றும் பாராமல், பூமியைச் சுற்றி வந்து படம் பிடித்து அனுப்புகின்றன. அப்படியிருக்க, விஞ்ஞானிகள் பள்ளி மாணவனையும் கப்பலில் சுற்றுலா செல்பவரையும் பார்த்து, "உங்கள் தலைக்கு மேல் என்ன மேகம் இருக்கிறது? சற்று நிமிர்ந்து பார்த்துச் சொல்லுங்கள்" என்று கேட்பானேன்? அதிலும் துருவப் பிரதேசத்திலிருந்து வரும் விடைகளை மிகுந்த ஆவலுடன் எதிர்பார்ப்பானேன்?

முதலில் ஒன்றை நினைவுபடுத்திக்கொள்வோம். மேகங்களுக்கு முறையாகப் பெயரிட்டவர் பெரிய வானிலை ஆராய்ச்சி நிலையத்தின் தலைவர் அல்லர். லண்டன் நகரில் மருந்து தயாரித்து விற்றுவந்த லூக் ஹோவர்டு என்பவரே அவர். 1802-ஆம் ஆண்டின் இறுதியில், நண்பர்கள் கூடிய ஒரு சிறு சங்கத்தில் அவர் ஒரு கட்டுரை படித்தார். மேகங்கள் எண்ணிறந்த உருவங்களை எடுப்பனபோல் தோன்றினாலும், அவற்றின் அடிப்படை வகைகள் சிலவே என்று அதில் அவர் காட்டினார். உயரத்தில் இழை இழையாகக் காண்பது கீற்று மேகம். பஞ்சுப் பொதிபோல் குவிந்து எழுவது திரள் மேகம். விரித்த போர்வைபோல் பரவுவது படை மேகம். மழை பொழிவது கார்மேகம். இந்தப் பெயர்களை ஒன்றோடு ஒன்று சேர்த்தே இன்றும் உலகத்தார் மேகங்களை வகைப்படுத்துகின்றனர். சர்வதேச மேகப் படநூல் 1896-இல் முதன்முதலாக வெளிவந்தது. 2017-இல் அதன் புதிய பதிப்பு வந்தபோது, கொந்தளிக்கும் கடலைக் கீழிருந்து பார்ப்பதுபோல் தோன்றும் ஒரு மேக வடிவம் 'ஆஸ்பெரிட்டாஸ்' என்ற பெயருடன் அதில் இடம்பெற்றது. அதைப் படம் பிடித்து அனுப்பி, கவனத்துக்குக் கொண்டுவந்தவர்கள் மேக ரசிகர் சங்கம் ஒன்றைச் சேர்ந்த பொதுமக்களே. ஆகவே, மேக ஆராய்ச்சியில் பொதுமக்களின் பங்கு புதியது அன்று. அது தொடங்கியதே அவ்வாறுதான்.

நம் ஊருக்கும் இத்தகைய பெருமை ஒன்று உண்டு. திருவானைக்காவில் 1888-ஆம் ஆண்டு பிறந்த சர் சி. வி. ராமன், 1907 முதல் பத்து ஆண்டுகள் அரசாங்கத்தின் நிதித் துறையில் கணக்கு அதிகாரியாக வேலை பார்த்தவர். கல்கத்தாவில் அலுவலக நேரம் போக மிஞ்சிய காலையிலும் மாலையிலும் விஞ்ஞான வளர்ச்சிக் கழகத்தின் சோதனைக்கூடத்தில் அவர் ஆராய்ச்சி செய்தார். பிறகு பேராசிரியரானார். 1921-இல் கப்பலில் சென்றபோது மத்தியதரைக் கடலின் நீலத்தைக் கண்ணால் கண்டு, 'இந்த நீலம் எங்கிருந்து வந்தது?' என்று கேட்டதுதான், அவருடைய 1928-ஆம் ஆண்டுக் கண்டுபிடிப்புக்கு வழி திறந்தது. கண் கண்டதைக் கவனத்துடன் விசாரிப்பது விஞ்ஞானத்தின் முதற்படி என்பதற்கு இதைவிட நல்ல சான்று நமக்கு வேண்டுவதில்லை.

இனி, செயற்கைக் கோள் மேகத்தை எவ்வாறு கண்டுபிடிக்கிறது என்று பார்ப்போம். அதற்குப் பொதுவாக இரண்டு அடையாளங்கள் உள்ளன. ஒன்று வெண்மை, மற்றொன்று குளிர்ச்சி. மேலிருந்து நோக்கும்போது கடலும் வயலும் காடும் இருண்டு தோன்றும்; மேகம் வெண்மையாகத் தோன்றும். தரை வெப்பமாக இருக்கும். உயரத்தில் இருக்கும் மேகத்தின் மேற்பரப்பு குளிர்ந்திருக்கும். காவிரிப் படுகையின் மேலே பறக்கும் கோளுக்கு இவ்விரண்டும் போதுமானவை. பச்சை வயலின் மேல் வெள்ளைக் கொக்கைக் கண்டுபிடிப்பது கடினமா என்ன?

துருவத்திலோ இரண்டு அடையாளங்களும் கைவிட்டுவிடுகின்றன. கீழே பனி வெண்மை. மேலே மேகமும் வெண்மை. வெளுத்த வேட்டியின்மேல் உதிர்ந்த பஞ்சைத் தேடுவதுபோல் ஆகிவிடுகிறது. வெப்பத்தை அளந்து பார்க்கலாம் என்றால், அங்கே தரையே உறைபனியாகக் குளிர்ந்து கிடக்கிறது. போதாக்குறைக்கு, துருவப் பிரதேசத்தில் பனிப்பரப்பை ஒட்டிய காற்று, அதற்குச் சற்று மேலே உள்ள காற்றைக் காட்டிலும் பல சமயங்களில் அதிகக் குளிர்ச்சியாக இருக்கும். உயரப் போகப் போகக் குளிர் மிகும் என்ற நம் அனுபவம் அங்கே தலைகீழாகிறது. அதனால் மேகம் தரையைவிட வெப்பமாகவும் இருக்கக்கூடும்! இவற்றுக்கெல்லாம் மேலாக, மாதக்கணக்கில் நீளும் துருவ இரவில் சூரிய ஒளியே இல்லை.

நமக்கு நாள்தோறும் வானிலைப் படம் அனுப்பும் இன்சாட் வகைக் கோள்கள், பூமத்திய ரேகைக்கு மேலே சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்பவை. அங்கிருந்து துருவத்தைப் பார்ப்பது, பந்தின் நடுப்பகுதிக்கு நேரே நின்றுகொண்டு அதன் உச்சியைப் பார்க்க முயல்வது போன்றது. துருவங்களின் மேலாகச் செல்லும் கோள்கள் தனியே உள்ளன. அவற்றிலும் சிலவே லேசர் ஒளியை மேகத்தின்மீது பாய்ச்சி, அது திரும்பி வரும் நேரத்தைக் கொண்டு மேகத்தின் உயரத்தை அளக்க வல்லவை. 2006-இல் ஏவப்பட்ட 'கலிப்ஸோ' என்னும் கோள் 2023 வரையில் இப்பணியைச் செய்தது. ஐரோப்பியரும் ஜப்பானியரும் சேர்ந்து அமைத்த 'எர்த்கேர்' என்னும் கோள் 2024 மே மாதத்தில் ஏவப்பட்டது. வெண்மையும் குளிர்ச்சியும் தராத விடையை லேசர் தருகிறது என்பது உண்மையே. ஆனால், அது தான் செல்லும் பாதைக்கு நேர் கீழே, நூல் பிடித்ததுபோல் ஒரு கோட்டை மட்டுமே பார்க்கிறது. அந்தக் கோட்டுக்கு இருபுறமும் உள்ள பரந்த பிரதேசத்தில் என்ன இருக்கிறது என்பதை வேறு யாராவது சொல்ல வேண்டும்.

'சொல்லாவிட்டால் என்ன குடி முழுகிவிடும்?' என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான்.

மேகம் இரண்டு தொழில்களைச் செய்கிறது. பகலில் அது குடை. சூரிய ஒளியைத் திருப்பி அனுப்பித் தரையைக் குளிர்விக்கிறது. இரவும் பகலும் அது போர்வை. தரையிலிருந்து எழும் வெப்பம் தப்பிப் போகாமல் தடுக்கிறது. மார்கழியில் வானம் தெளிந்திருக்கும் இரவு எவ்வளவு குளிர்கிறது, கார்த்திகையில் மேகம் மூடிய இரவு எவ்வளவு புழுங்குகிறது என்பதை நினைத்துப் பாருங்கள்; போர்வையின் தன்மை விளங்கும். பூமியில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கை எந்த நேரத்திலும் மேகம் மூடியிருக்கிறது. இவ்வளவு பெரிய குடையும் போர்வையும் சேர்ந்து நம் பூமியை மொத்தத்தில் குளிர்வித்தே வருகின்றன.

ஆனால், பனிப்பரப்பின்மீது கணக்கு மாறுகிறது. புதுப்பனி தன்மேல் விழும் ஒளியில் 100-க்கு 80 பங்குக்கு மேலேயே திருப்பி அனுப்பிவிடும். ஏற்கெனவே வெள்ளைக் குடை விரித்திருக்கும் இடத்தில் இன்னொரு வெள்ளைக் குடையால் பெரிய லாபம் இல்லை. ஆகையால், அங்கே மேகத்தின் போர்வைத் தொழிலே ஓங்கி நிற்கிறது. மேகம் எவ்வளவு தடிமன், எவ்வளவு உயரம், அது நீர்த்துளியா பனித்துகளா என்பனவற்றைப் பொறுத்துப் பனி உருகுவதும் உருகாததும் அமைகின்றன.

இது ஏட்டுச் சுரைக்காய் அன்று. 2012-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் கிரீன்லாந்துத் தீவில் ஓர் அதிசயம் நிகழ்ந்தது. அந்தப் பெரும் பனிப்பாளத்தின் மேற்பரப்பில் 100-க்கு 97 பங்கு வரையில், சில நாட்களுக்குள், உருகும் நிலையை அடைந்தது. கடல் மட்டத்துக்கு மேலே 3,200 மீட்டர் உயரத்தில் உள்ள அதன் உச்சியில்கூடப் பனி கசிந்தது. வெதுவெதுப்பான காற்று அங்கே வந்து சேர்ந்தது முதற் காரணம். உச்சியில் இருந்த ஆராய்ச்சி நிலையத்தின் அளவைகளைப் பரிசீலித்தவர்கள் 2013-இல் மற்றொரு காரணத்தையும் கண்டனர். தாழ்வாகப் படர்ந்திருந்த மெல்லிய நீர்த்துளி மேகங்களே அவை. அவை இன்னும் தடித்திருந்தால் சூரியனை மறைத்திருக்கும். இல்லவே இல்லாதிருந்தால் பனியின் வெப்பம் வானத்துக்குத் தப்பிப் போயிருக்கும். சூரியனை உள்ளே விடும் அளவுக்கு மெல்லியதாகவும், வெப்பத்தை வெளியே விடாத அளவுக்குத் தடித்ததாகவும் அவை இருந்தன. ஒரு மேகத்தின் தடிமன், ஒரு பனிமலையின் தலைவிதியை நிர்ணயித்தது என்றே சொல்லலாம்.

கிரீன்லாந்தின் பனி முழுவதும் உருகினால் உலகக் கடல்களின் மட்டம் சுமார் 7 மீட்டர் உயரும். அது நாளையே நடக்கப்போவதில்லை. பல நூற்றாண்டுகள் செல்லும். ஆனால், எவ்வளவு வேகத்தில் உருகும் என்ற கணக்கில் மேகம் ஒரு பெரிய ஐயமாகவே இருந்து வருகிறது. திருச்சிராப்பள்ளி கடல் மட்டத்துக்குச் சுமார் 80 மீட்டர் உயரத்தில் உள்ளது, நமக்கு அச்சமில்லை. ஆனால் நம் ஊரைக் கடந்து, கல்லணை வழியே பிரிந்து செல்லும் காவிரி, கடைசியில் பாய்வது எங்கே? பூம்புகாருக்கும் நாகைக்கும் வேதாரணியத்துக்கும் அருகே, கடலுக்குச் சில அடிகளே உயர்ந்த தாழ்நிலங்களில். அந்த நிலத்து உழவனின் பேரனுக்கு, கிரீன்லாந்து மேகம் அந்நிய விஷயம் அன்று.

துருவ மேகங்களின் மற்றோர் இரகசியத்தைக் கண்டவர், நம் நாட்டு வானிலைத் துறையில் வேலை பார்த்த ஒருவரே. ஜார்ஜ் சிம்ப்ஸன் என்ற ஆங்கிலேயர் 1906-இல் இந்திய வானிலைத் துறையில் சேர்ந்து, சிம்லாவில் இடி மேகங்களின் மின்சாரத்தைப் பற்றி ஆராய்ந்துவந்தார். 1910-இல் கேப்டன் ஸ்காட் தென்துருவத்துக்குப் புறப்பட்டபோது, அக்குழுவின் வானிலை நிபுணராகச் சிம்ப்ஸன் உடன் சென்றார். அங்கே ஒரு நாள், மூடுபனியின் நடுவே வெண்ணிற வில் ஒன்று தோன்றியது. வானவில்லைப் போன்றதே இது. துளிகள் மிக நுண்ணியவாதலால் நிறங்கள் கலந்து வெள்ளையாகத் தெரியும். இத்தகைய வில் உருண்டையான நீர்த்துளிகளால்தான் உண்டாக முடியும். பனிப் படிகங்களால் உண்டாகாது. வெப்பமானியைப் பார்த்தால், நீர் உறையும் நிலைக்குச் சுமார் 29 டிகிரி கீழே இருந்தது! அவ்வளவு குளிரிலும் அந்தத் துளிகள் உறையாத நீராகவே இருந்தன என்று சிம்ப்ஸன் முடிவு கட்டினார்.

அந்த முடிவுக்கு அவரிடம் இருந்த கருவிகள் எவை? ஒரு வெப்பமானி, இரண்டு கண்கள், வில் எப்படித் தோன்றுகிறது என்ற பௌதிக அறிவு. இம்மூன்றே. இன்றும் துருவ மேகங்களைக் கணக்கிடுவோருக்கு, உறையாத இந்த நீர்தான் பெரிய சிக்கல். நீர்த்துளி மேகம், அதே அளவு நீரைக் கொண்ட பனித்துகள் மேகத்தைவிட அதிக ஒளியைத் திருப்புகிறது. நீண்ட நேரம் நிலைக்கிறது. எது எவ்வளவு என்பதில் கணக்கு தவறினால், துருவத்தின் வெப்பக் கணக்கு முழுவதும் தவறிவிடும். சிம்ப்ஸன் 1912-இல் இந்தியாவுக்குத் திரும்பினார். அப்பயணத்தின் வானிலை ஆராய்ச்சி நூல் 1919-இல் வெளியாயிற்று. அது அச்சேறிய இடம் லண்டன் அன்று; நம் கல்கத்தா.

பின்னர், நம்மவர்களே துருவத்துக்குச் சென்றனர். டாக்டர் காஸிம் தலைமையில் முதல் இந்தியக் குழு 1981 டிசம்பரில் கோவாவிலிருந்து கப்பலேறி, 1982 ஜனவரியில் அண்டார்டிகாவில் இறங்கியது. வானிலைத் துறையினரும் அதில் இருந்தனர். தட்சிண கங்கோத்ரி, மைத்ரி என்ற நிலையங்கள் ஒன்றன்பின் ஒன்றாக அமைந்தன. 2012-இல் பாரதி என்ற நிலையமும் சேர்ந்தது. வடதுருவப் பக்கத்தில், ஸ்வால்பார்ட் தீவின் நி-ஆலெசுண்டு என்னும் ஊரில், 2008 முதல் ஹிமாத்ரி என்ற இந்திய நிலையம் உள்ளது. அதே ஊரில் ஜெர்மானியரும் பிரெஞ்சுக்காரரும் நடத்தும் நிலையத்தில், இரவு வானத்தை நோக்கி லேசர் ஒளி பாய்ச்சும் கருவி ஒன்று இருக்கிறது. காற்றில் உள்ள நுண்துகளையும் நீராவியையும் அது அளக்கிறது. அதன் அடிப்படைத் தத்துவம் ராமன் விளைவு. கருவியின் பெயரிலேயே ராமன் பெயர் இருக்கிறது. திருவானைக்காவில் பிறந்தவரின் பெயர் வடதுருவத்துக்கு அருகே ஒலிக்கிறது என்பது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி அல்லவா?

ஆனால், நிலையங்கள் சிலவே; துருவப் பிரதேசமோ பரந்தது. இங்கேதான் பொதுமக்கள் வருகின்றனர். அண்டார்டிகாவுக்கு 2022-23 பருவத்தில் மட்டும் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோர் சுற்றுலாவாகச் சென்றனர். அவர்கள் சென்ற கப்பல்கள் சிலவற்றில், பயணிகளே மேகங்களைப் பார்த்துக் குறிப்பெடுக்க ஏற்பாடு உண்டு. அக்குறிப்புகள் 'குளோப்' என்னும் சர்வதேசத் திட்டத்துக்குச் செல்கின்றன. 1995-இல் தொடங்கிய இத்திட்டத்தில் 2000-ஆம் ஆண்டு முதல் இந்தியாவும் ஓர் உறுப்பு நாடு. பள்ளிகளுக்காகத் தொடங்கிய இது, 2016-இல் கைப்பேசி வழியாக எல்லாப் பொதுமக்களுக்கும் திறந்துவிடப்பட்டது.

அதன் முறை எளியது. வானத்தில் எத்தனை பங்கு மேகம், என்ன வகை, ஒளி ஊடுருவுகிறதா இல்லையா, தரையில் பனியா நீரா உலர்ந்த மண்ணா என்பனவற்றைப் பதிவு செய்ய வேண்டும். நான்கு திசைகளிலும், மேலும் கீழும் படம் எடுக்கலாம். பார்த்த நேரத்தைத் தவறாமல் குறிக்க வேண்டும். அந்த நேரத்துக்கு முன்னோ பின்னோ 15 நிமிஷத்துக்குள் ஒரு செயற்கைக் கோள் அவ்விடத்தைக் கடந்திருந்தால், அமெரிக்க விண்வெளி நிலையமான நாசா இரண்டையும் ஒப்பிட்டு, "நீங்கள் கண்டது இது, கோள் கண்டது இது" என்று பார்த்தவருக்கே எழுதி அனுப்புகிறது. கோள் மேலிருந்து பார்ப்பதால் உயர்ந்த மேகத்தைக் காண்கிறது. அதன் அடியில் ஒளிந்திருக்கும் தாழ்ந்த மேகம் மனிதனுக்கே தெரிகிறது. இரண்டு சாட்சிகளும் சேர்ந்தால்தான் வழக்கு தீரும். பனிப்பரப்பின்மீது கோள் 'மேகம் இல்லை' என்று கூறி, கப்பலின் தளத்தில் நிற்பவர் 'வானம் முழுவதும் மூடியிருக்கிறது' என்று கூறுவாரானால், கோளின் கணக்கு முறையை எங்கே திருத்த வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

பொதுமக்களின் கண்ணால் துருவத்துக்கு உரிய புதிய மேக வகையே அறியப்பட்டதும் உண்டு. 1883-இல் கிரகடோவா எரிமலை வெடித்துப் புழுதியை வானில் எறிந்தது. அவ்வாண்டு செப்டம்பரில் சென்னையிலும் இலங்கையிலும் சூரியன் பச்சையாகத் தோன்றியது. பின்னாளில் கொடைக்கானல் வானாராய்ச்சிக் கூடத்தை நிறுவிய மிக்கி ஸ்மித் அதை ஆராய்ந்து எழுதினார். அதன் பிறகு உலகெங்கும் மக்கள் அந்தி வானத்தை உற்று நோக்கலாயினர். 1885-ஆம் ஆண்டுக் கோடையில், ஐரோப்பாவில் பல இடங்களில் இருந்தவர்கள், சூரியன் மறைந்து நெடுநேரம் ஆன பிறகும் வடக்கு வானில் வெள்ளி நீலமாக ஒளிரும் மேகங்களைக் கண்டனர். இரு இடங்களிலிருந்து ஒரே சமயத்தில் படம் எடுத்து உயரத்தைக் கணக்கிட்டபோது, அது 80 கிலோமீட்டருக்கு மேல் என்று தெரிந்தது. நம் மலைக்கோட்டையின் உயரம் சுமார் 83 மீட்டர்; அந்த மேகத்தின் உயரம் சுமார் 83 கிலோமீட்டர். ஆயிரம் மலைக்கோட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய உயரம்! துருவங்களை ஒட்டிய கோடையில் உண்டாகும் இந்த இரவொளி மேகங்களை நம் ஊரிலிருந்து காண இயலாது. ஆனால், வடநாட்டு மக்கள் இன்றும் கோடை இரவுகளில் விழித்திருந்து அவற்றை எண்ணிக் குறித்து வருகின்றனர். மேல் வாயுமண்டலத்தில் நீராவி மிகுந்து வருகிறதா என்பதை அறிய அக்குறிப்புகள் உதவுகின்றன.

இம்முறையின் குறைகளையும் சொல்லிவிட வேண்டும். சுற்றுலாக் கப்பல்கள் துருவக் கோடையில் மட்டுமே செல்லும். இருண்ட குளிர்காலத்துக்கு நிலையத்தாரும் கருவிகளுமே கதி. கண்ணுக்கும் ஏமாற்றம் உண்டு. ஒரு மாலையில் மாணவர் சிலரை மலைக்கோட்டை உச்சிக்கு அழைத்துச் சென்று, வானத்தை எட்டுப் பங்காகக் கொண்டு, மேகம் எத்தனை பங்கு என்று தனித்தனியே எழுதச் சொன்னேன். சிலர் நான்கு என்று எழுதினர். சிலர் ஆறு என்றனர். காரணம் எளிது. தலைக்கு நேர் மேலே திரள் மேகங்களுக்கு இடையே நீல வானம் தெரிகிறது. அடிவானத்தை நோக்கினால் ஒரு மேகத்தின் பக்கம் அடுத்த மேகத்தின் இடைவெளியை மறைக்கிறது; எல்லாம் ஒரே சுவராகத் தெரிகிறது. அடிவானத்தையே பார்த்தவர் அதிகமாக எண்ணினார். இத்தகைய தவற்றை ஆயிரம் பேரின் சராசரியும் போக்காது. ஆயிரம் பேரும் ஒரே பக்கமாகத் தவறுவார்கள் அல்லவா? காரணத்தை அறிந்து திருத்தினால்தான் போகும். வானத்தை நான்காகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியையும் தனியே எண்ணிக் கூட்டச் சொன்னபோது, அவர்களுடைய எண்கள் நெருங்கி வந்தன.

நம் ஊரில் எண்ணிய மேகம் துருவத்துக்கு எப்படிப் பயன்படும் என்றால், நேராகப் பயன்படாது என்பதே உண்மை. ஆனால், கோள்களின் பார்வையைச் சரிபார்க்க உலகின் எல்லாப் பகுதிகளிலிருந்தும் குறிப்புகள் வேண்டும். முறையும் ஒன்றே, இங்கே எண்ணப் பழகியவனே நாளை மைத்ரியிலோ கப்பல் தளத்திலோ நம்பத்தக்க சாட்சியாவான்.

பழக விரும்புவோர்க்கு மலைக்கோட்டை உச்சியைப்போல் வாய்த்த இடம் வேறில்லை. வடக்கே ஸ்ரீரங்கத்தின் 13 நிலை இராஜகோபுரம், மேற்கே காவிரி, தெளிந்த நாளில் வடமேற்கே கொல்லிமலை. கோபுரம் தெளிவாகவும் மலை மங்கலாகவும் தெரிந்தால் அதையும் எழுதுங்கள். காற்றின் தெளிவுக்கு அது ஓர் அளவு. சூரியனை மட்டும் நேரே நோக்க வேண்டாம். ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்தில் பாருங்கள். அழகிய மேகம் உள்ள நாளில் மட்டும் எழுதி, வெறும் வானத்தை விட்டுவிடாதீர்கள். 'மேகம் இல்லை' என்பதும் முழு மதிப்புள்ள செய்தி. அதை விட்டுவிட்டால், உங்கள் ஏட்டைப் பின்னால் படிப்பவர் திருச்சியில் எப்போதும் மேகம் இருந்தது என்று எண்ணிவிடுவார்.

கடைசியாக ஒன்று. மேகத்தின் வகை தெரியாத நாளில் 'தெரியவில்லை' என்றே எழுதுங்கள். ஊகித்து எழுதிய ஓர் எண், அதற்கு முன்னும் பின்னும் உண்மையாக எழுதிய நூறு எண்களையும் ஐயத்துக்கு உள்ளாக்கிவிடும். சிம்ப்ஸன் கண்ட வெண்ணிற வில்லை நூறு ஆண்டுகளுக்குப் பின்னும் நாம் நம்புகிறோம். வெப்பமானி காட்டியதை அவர் கூட்டாமல் குறைக்காமல் எழுதி வைத்தார் என்பதே அதற்குக் காரணம்.